கப்பல் டிக்கெட்டும் நம் பிள்ளைகளும்

மாதக் கடைசியில் சேல்ஸ்மேன் கடைக்கு வருகிறார். கல்லாவின் ஓரம் சாய்ந்து நின்று, "அண்ணாச்சி, இன்னும் 40 பெட்டி எடுத்தீங்கன்னா ஸ்லாப் தாண்டிடும். சிங்கப்பூர் கப்பல் டிக்கெட் உங்களுக்குத்தான்" என்கிறார். இது நம்மில் யாருக்கும் புதிதல்ல. சோப்பு, பிஸ்கட், பெயின்ட், சிமெண்ட், மோட்டார் பம்பு என்று எந்தச் சரக்கானாலும், நன்றாக விற்றுத் தரும் வியாபாரிக்கு வெளிநாட்டுப் பயணம் பரிசு என்பது கம்பெனிகளின் வழக்கமாகிவிட்டது. முன்பு பாங்காக் என்றார்கள். இப்போது கப்பல் என்கிறார்கள்.

நம் பகுதி மொத்த வியாபாரி ஒருவர் அப்படி 40 பெட்டியை எடுத்தார். டிக்கெட்டும் கிடைத்தது. கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு 4 நாள் கப்பலில் போய் வந்தார். ஊர் திரும்பியதும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனிடம் செல்போன் படங்களைக் காட்டினார். மேல்தளத்தில் வளைந்து வளைந்து இறங்கும் நீர்ச்சறுக்கு. "நீங்க ஏறுனீங்களாப்பா?" என்றான் பையன். "அது சின்னப் பசங்களுக்குடா." "அப்புறம் எதுக்கு உங்களைக் கூட்டிட்டுப் போனாங்க?"

இதை அவர் சங்க அலுவலகத்தில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சிரித்து முடித்தபின் சிறிது நேரம் பேசவில்லை. அந்த 40 பெட்டியில் பாதி குடோனிலேயே தங்கி, காலாவதித் தேதி நெருங்கியபோது கொள்முதல் விலைக்கும் கீழே தள்ளிவிட வேண்டியதாயிற்று. அதற்கு ஓ.டி. வட்டி வேறு. "கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த டிக்கெட்டை நான்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கேன்" என்றார்.

அவருக்கு வந்த நிலை நமக்கெல்லாம் பாடம். இலவசம் என்று நம் கைக்கு வருவது இலவசமல்ல. வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவாக வந்து, 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வியாபாரத்தின் பேரில் கிடைக்கும் இத்தகைய சலுகைகளின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடித்தம் உண்டு. அந்தப் பயணத்தின் மதிப்பு நம் வருமானக் கணக்கில் ஏறும். டீலர் மாநாடு என்று பெயர் வைத்தாலும், உடன் வரும் குடும்பத்தாருக்கான செலவு சலுகையாகவே கருதப்படும் என்று வரித்துறையின் விளக்கச் சுற்றறிக்கை கூறுகிறது. ஆகவே சரக்கைச் சுமந்து, வட்டியைச் சுமந்து, வரியையும் சுமந்து, பெண்டாட்டி பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போய் வருவதற்குப் பெயர் பரிசா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் கருத்து இதுதான். போக வேண்டுமென்றால் சொந்தக் காசில், குடும்பத்தோடு போவோம். எந்தக் கப்பல் என்பதை நம் வசதிக்காகப் பார்க்காமல், பிள்ளைகளின் வயதைப் பார்த்து முடிவு செய்வோம்.

மளிகைக்காரனுக்குக் கப்பலா?

சிலர் இப்படிக் கேட்பார்கள். கப்பல் நமக்குப் புதிதல்ல. 1926-ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலிலும், அதன்பின் இந்தியக் கப்பல் கழகத்தின் எம்.வி. சிதம்பரம் கப்பலிலும் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் போய்க் கடை வைத்தவர்கள் நம் பெரியவர்கள். அவர்கள் பிழைப்புக்காகப் போனார்கள். குடும்பத்தைப் பிரிந்து போனார்கள். அடுத்த தலைமுறை குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு போவதில் தவறென்ன?

நம் பிழைப்பின் கதை நமக்குத் தெரியும். காலை 6 மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு 10 மணிக்குத்தான் இறக்குகிறோம். ஞாயிறு அரை நாள். முழு நாள் கடையடைப்பு என்பது மே 5 வணிகர் தினம் ஒன்றுதான். அன்றும் நாம் மாநாட்டுப் பந்தலில் இருக்கிறோம். பிள்ளைகள் நம்மைக் கல்லாவுக்குப் பின்னால்தான் பார்க்கிறார்கள். பிறகு அவர்கள் வளர்ந்து, "இந்தக் கடை எனக்கு வேண்டாம்" என்று சொல்லும்போது நெஞ்சில் அடித்துக்கொள்கிறோம். கடையால் தன் அப்பா தனக்கு இல்லாமல் போனார் என்று நினைக்கும் பிள்ளை எப்படிக் கடையை விரும்புவான்? 4 நாள் பயணம் இதையெல்லாம் மாற்றிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 4 நாள்கூட இல்லாமல் மாறாது.

கப்பலில் நமக்கென்று ஒரு வசதியும் உண்டு. நடுக்கடலில் செல்போன் கோபுரம் கிடையாது. வைஃபை பெரும்பாலும் தனிக் கட்டணம். "துவரம் பருப்பு என்ன விலைக்குப் போடுறது?" என்று கடைப் பையன் கேட்க வழியில்லை. மலைவாசஸ்தலத்துக்குப் போனாலும் மொபைலைக் காதில் வைத்துக்கொண்டே திரியும் நமக்கு இது ஒரு மருந்து.

எதைப் பார்த்து வாங்குவது?

சரக்கு வாங்கும்போது அட்டைப்படத்தைப் பார்த்தா வாங்குகிறோம்? நிகர எடை, தேதி, விலை பார்க்கிறோம். கப்பலுக்கும் அதே கண்தான் வேண்டும். விளம்பரத்தில் "குழந்தைகளுக்கான கேளிக்கைகள்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

முதலில் வயதுப் பிரிவு. நல்ல நிறுவனங்கள் பிள்ளைகளை ஒரே அறையில் அடைப்பதில்லை. உதாரணமாக, எம்.எஸ்.சி. நிறுவனம் 3 வயதுக்குள், 3 முதல் 6, 7 முதல் 11, 12 முதல் 14, 15 முதல் 17 என்று ஐந்தாகப் பிரிக்கிறது. கார்னிவல் நிறுவனம் 2 முதல் 11 வரை மூன்று பிரிவு வைத்து, 12 முதல் 14 வரை ஒரு கழகமும், 15 முதல் 17 வரை வேறொரு கழகமும் நடத்துகிறது. நார்விஜியன் நிறுவனத்தில் 3 முதல் 12 வரை ஒரு பக்கம், 13 முதல் 17 வரை மறுபக்கம். இந்தக் கப்பல்களில் எல்லாம் நாம் ஏறப்போவதில்லை. ஆனால் எது நல்ல ஏற்பாடு என்பதற்கு இவை அளவுகோல். நாம் பார்க்கும் கப்பலின் பிரிவுகளை வாங்கி, நம் பிள்ளையின் வயதை அதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம். 12 வயதுப் பெண்ணை 17 வயதுப் பையன்களோடு ஒரே அறையில் விட்டால் அவள் அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுவாள். அதே பெண்ணை 6 வயதுக் குழந்தைகளோடு சேர்த்தால் அவமானமாக நினைப்பாள். பதின்ம வயது ஒரே கூட்டமா, இரண்டாகப் பிரித்திருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. சின்னக் குழந்தைக்கு நீர்ச்சறுக்கும் கலர் பென்சிலும் போதும். 14 வயதுப் பையனுக்கு வேண்டியது அவன் வயதுக் கூட்டாளிகள். கூட்டாளி கிடைக்கவில்லை என்றால் பயணம் முழுவதும் அறையில் போர்வைக்குள் செல்போனோடு கிடப்பான். நம்மில் போய் வந்த சிலருக்கு இது நேர்ந்திருக்கிறது.

இரண்டாவது, கைக்குழந்தை. பெரும்பாலான கப்பல்களில் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றுவதில்லை. தொடர்ந்து பல நாள் கடலில் போகும் நீண்ட பயணமானால் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். 3 வயதுப் பிரிவில் சேர்க்க, குழந்தை தானாகக் கழிப்பறை போகப் பழகியிருக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. டயப்பர் கட்டிய குழந்தையைப் பெரிய நீச்சல்குளத்திலும் விடமாட்டார்கள். இதைத் துறைமுகத்துக்குப் போய்த் தெரிந்துகொண்டால் தாயார்தான் 4 நாளும் அறையிலேயே இருக்க வேண்டிவரும்.

மூன்றாவது, நேரமும் கட்டணமும். பகலில் பிள்ளைகள் பகுதி டிக்கெட்டில் அடக்கம் என்பது பெரிய நிறுவனங்களில் பொதுவான வழக்கம். ஆனால் கைக்குழந்தை காப்பகத்துக்கும், இரவு 10 மணிக்கு மேல் விட்டு வைப்பதற்கும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவார்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் அந்தப் பகுதி திறந்திருக்குமா, சாப்பாட்டு நேரத்தில் மூடுவார்களா என்பதையும் கேட்க வேண்டும்.

நான்காவது, யார் கொண்டுவிட்டு யார் கூட்டிவருவது. சிறு குழந்தையைப் பெற்றோர் கையெழுத்துப் போட்டுத்தான் விட வேண்டும், எடுக்க வேண்டும். 9, 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, பெற்றோர் அனுமதி தந்தால் தானே வெளியே வரலாம் என்று சில நிறுவனங்களில் விதி உண்டு. அந்த அனுமதியைத் தருவதா வேண்டாமா என்பதைக் கணவன் மனைவி இருவரும் கப்பல் ஏறும் முன்பே பேசிவிட வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகள் விரும்பியபோது வரலாம், போகலாம். ஆகவே இரவு எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்புவது என்ற கட்டுப்பாட்டை நாம்தான் போட வேண்டும். கப்பல்காரர் பார்த்துக்கொள்வார் என்று இருக்கக் கூடாது.

ஐந்தாவது, பாதுகாப்பு. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தபின், ஆபத்துக்கால ஒத்திகையைப் புறப்பாட்டுக்கு முன்போ புறப்பட்ட உடனோ முடித்துவிட வேண்டும் என்று உலக விதி கடுமையானது. அந்த ஒத்திகையைத் தலைவலியாக நினைத்து ஒதுக்காமல் பிள்ளைகளோடு கலந்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் பகுதியில் இருக்கும்போது அபாயச் சங்கு ஒலித்தால் நாம் அங்கே ஓட வேண்டுமா, அவர்களே கூட்டிவருவார்களா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நீச்சல்குளத்தில் உயிர்காப்பாளர் எல்லாக் கப்பலிலும் இருப்பதில்லை. நம் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர் குறைவு. அந்த இடத்தில் மட்டும் நம் கண்ணே காவல்.

சிறிய கப்பலா, பெரிய கப்பலா?

சென்னையிலிருந்தே ஏறும் வாய்ப்பு 2022 ஜூனில் வந்தது. கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலை முதலமைச்சர் ஜூன் 4 அன்று கொடியசைத்து அனுப்பிவைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கைக்கும், நம் கண்ணெதிரே இருக்கும் காங்கேசன்துறைக்கும்கூடப் போயிற்று. பாஸ்போர்ட் அலைச்சல் இல்லாத உள்நாட்டுப் பயணம், இரண்டு மூன்று இரவு, நம் சைவச் சாப்பாடு, மொழி தெரிந்த பணியாளர் என்று முதல்முறை போகிறவர்களுக்கு இதில் பல சௌகரியங்கள். ஆனால் அது 1990-ல் கட்டப்பட்டு, சுமார் 48,500 டன் கொள்ளளவு கொண்ட கப்பல். 2022 ஜூனில் சிங்கப்பூரிலிருந்து பயணம் தொடங்கிய கெண்டிங் ட்ரீம் 2016-ல் கட்டப்பட்டது. ஒன்றரை லட்சம் டன். பிள்ளைகளுக்கு ஒதுக்கும் இடம் கப்பலின் அளவைப் பொறுத்தது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. 10 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு முதல் பயணமாகச் சென்னைக் கப்பல் போதும் என்பது நம் எண்ணம். வீட்டில் 13, 15 வயதுப் பிள்ளைகள் இருந்தால், ஒரு வருடம் பொறுத்துப் பணம் சேர்த்துப் பெரிய கப்பலுக்குப் போவது மேல். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இத்தகைய கப்பல்கள் ஆண்டு முழுவதும் ஒரே துறைமுகத்தில் நிற்பதில்லை. பருவமழையை அனுசரித்து இடம் மாறும். பள்ளி விடுமுறையும் கப்பல் வரும் மாதமும் பொருந்துகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் வாய் திறக்க வேண்டும்.

விலையில் ஏமாறக் கூடாது

"ஒருவருக்கு இவ்வளவு" என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கு. மூன்றாவது, நான்காவது நபருக்குக் குறையலாம்; ஆனால் துறைமுகக் கட்டணமும் வரியும் தலைக்குத் தலை உண்டு. பணியாளருக்கான அன்பளிப்பு என்று நாளொன்றுக்குத் தலைக்கு 15 டாலருக்கு மேல் தானாகவே கணக்கில் ஏற்றும் நிறுவனங்கள் உண்டு. பிள்ளைகளுக்கும் அது உண்டா என்று கேளுங்கள். பானங்கள், கரையிறங்கிச் சுற்றிப் பார்த்தல், சிறப்பு உணவகம், வைஃபை எல்லாம் தனி.

கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது; அட்டைதான். பிள்ளை கையிலும் ஓர் அட்டை தருவார்கள். வீடியோ விளையாட்டு அறையில் அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் கடைசி நாள் பில் பார்த்து மயக்கம் வரும். ஏறிய அன்றே வரவேற்பு மேசையில் சொல்லிப் பிள்ளைகளின் அட்டையில் செலவை நிறுத்தி வையுங்கள். கடனுக்குச் சரக்குக் கொடுத்து நொந்த நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முழுப் பணமும் கட்டச் சொல்வார்கள். பிறகு ரத்து செய்தால் பெருந்தொகை போய்விடும். ஆகவே பில் இல்லாமல் ஏஜெண்ட் கையில் ரொக்கம் தராதீர்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு 2020 அக்டோபர் முதல் டி.சி.எஸ். பிடிக்கிறார்கள். அது செலவல்ல, நம் வரிக் கணக்கில் வரவு வைக்கக்கூடியது. சான்றிதழை வாங்கி ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு போன்ற வேறு நாட்டுத் துறைமுகம் போய், மீண்டும் சிங்கப்பூரில் இறங்கும் பயணமானால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று பார்க்கவும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் சாதாரணமாக 5 ஆண்டுதான் செல்லும், தேதியைப் பாருங்கள்.

எதிர்ப்புச் சொல்வோருக்கு

கப்பல் என்றாலே குடியும் சூதாட்டமும்தானே என்று மூத்த உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அவை இருப்பது உண்மை. சூதாட்டக் கூடத்துக்குள் 18 வயதுக்குக் குறைந்தவர்களை விடுவதில்லை. ஆனால் அங்கே போவதும் போகாததும் பெரியவர்களின் ஒழுக்கத்தைப் பொறுத்தது. தனியாகப் போகும் பரிசுப் பயணத்தில் அந்தப் பக்கம் கால் போகும். பெண்டாட்டி பிள்ளைகளோடு போனால் போகாது. குடும்பத்தோடு போங்கள் என்று நாம் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிள்ளைகளைக் கப்பல்காரர் கையில் விட்டுவிட்டு நாம் வேறு இடத்தில் உட்கார்ந்தால், அதற்கு எதற்குக் குடும்பப் பயணம் என்று இன்னொரு கேள்வி. இது நியாயமான கேள்வி. போய் வந்த உறுப்பினர் ஒருவர் சொன்ன ஏற்பாடு நமக்குப் பிடித்திருந்தது. காலைப் பலகாரம் எல்லோரும் சேர்ந்து. மதியம் வரை பிள்ளைகள் அவரவர் கூட்டத்தில். கல்யாணமாகி 16 வருடத்தில் முதல்முறையாகப் புருஷனும் பெண்டாட்டியும் எழுந்து போகாமல் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். இரவுச் சாப்பாடு மறுபடி எல்லோரும் சேர்ந்து. அந்த மேசையில் பையன் வாய் ஓயாமல் பேசினான். எந்த ஊர்ப் பையனோடு கூடைப்பந்து விளையாடினான், என்ன ஜெயித்தான் என்று. "அவன் இவ்வளவு பேசுவான்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார் அவர். பிள்ளைக்கு நம்மிடம் சொல்ல ஏதாவது இருக்க வேண்டுமென்றால், நாம் இல்லாத சில மணி நேரம் அவனுக்கு வேண்டும். கடையில் நாம் அவனுக்குக் கொடுக்காத அந்த இரண்டையும் நல்ல கப்பல் கொடுக்கிறது: தன் வயதுக் கூட்டமும், கேட்கக் காது கொடுக்கும் அப்பாவும்.

சங்கம் என்ன செய்யலாம்?

முதலாவதாக, கம்பெனிகளிடம் நாம் ஒரே குரலில் பேச வேண்டும். பயணப் பரிசுக்குப் பதில் அதே மதிப்பைக் கிரெடிட் நோட்டாகத் தாருங்கள், அல்லது குடும்பத்துக்குச் சேர்த்து டிக்கெட் தாருங்கள் என்று கேட்போம். டிக்கெட்டுக்காக ஒரு பெட்டிகூட அதிகம் எடுப்பதில்லை என்று உறுதி கொள்வோம்.

இரண்டாவதாக, கூட்டாகப் பதிவு செய்வது. பல நிறுவனங்களில் சுமார் 8 அறைகள் சேர்ந்தாலே குழுக் கட்டணம் கிடைக்கும். 8 குடும்பம் சேர நம் ஊரில் கஷ்டமா? நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த முகம் இருக்கும். ஏறும் முன்பே எந்தெந்த வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று பட்டியல் போட்டு, அதைக் காட்டிக் கப்பல் நிறுவனத்திடம் கேள்வி கேட்கலாம். தனி ஆள் கேட்டால் பதில் வராத கேள்விக்கு 8 அறை கேட்டால் பதில் வரும். கொள்முதலில் நாம் கற்ற பாடம்தானே இது.

மூன்றாவதாக, கடை. முழு ஆண்டு விடுமுறையில், 20 தேதிக்கு மேல், சம்பளம் வந்து வியாபாரம் சூடுபிடிக்கும் முதல் வாரத்துக்கு முன் திரும்புவதுபோல் தேதி பார்க்கலாம். ஒருவர் போகும்போது பக்கத்துக் கடைக்காரர் அவருடைய கடையை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த முறை இவருக்கு அவர்.

வரும் பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முன் ஒவ்வொருவரும் இன்று இரவு ஷட்டரை இறக்கிய பின் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பிள்ளைகளை உட்காரவைத்து, "உனக்கு எங்கே போக வேண்டும், அங்கே என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். சொல்வதை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டோடு ஏஜெண்டிடம் போங்கள்.